பதினோரு வருடப் பிரஷ்ஷின் வீழ்ச்சி

கரியே, முதலில் உன்னை வணங்குகிறோம். சுவரில் படிந்தால் அழுக்காகவும், கண்ணில் இட்டால் அழகாகவும், தாளில் இறங்கினால் எழுத்தாகவும் மூன்று பிறவி எடுத்தவளே, இந்தப் போர்க்கதை முடியும்வரை எங்கள் சொல்லுக்கு மையாக இரு.

அடுத்து, ஓட்டுக்கூரைகளின் உச்சியில் ஒற்றைக்கால் ஊன்றி நிற்க வல்லவர், முப்பத்தோரு வீட்டுப் புகைபோக்கிகளின் முடிசூடாக் காவலர், நாலடிக் கழிகள் ஏழினை ஒன்றோடொன்று முறுக்கிக் கோத்து, இருபத்தெட்டு அடி ஆழத்தில் ஒளிந்திருக்கும் பகையைத் தேடிப் பிடித்து அடிக்கும் ஏந்தல், தும்மினாலும் கறுப்பாகவே தும்மும் தொழில்பக்தர், சிம்னி மேஸ்திரி என்று ஊர் அழைக்கும் அந்தப் பெருமகனார் வாழ்க! அவர் தோளில் கிடந்த பிரஷ்ஷும் வாழ்க என்று சேர்த்துப் பாடுவதுதான் முறை. ஆனால் அதை அளவுக்கு மேல் வாழவிட்டதால்தான் இத்தனை வினையும் வந்தது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பிரஷ் கடையிலிருந்து வந்து இறங்கிய கோலத்தை என்னவென்பது! முள்ளம்பன்றி சிலிர்த்தாற்போல் எட்டுத் திக்கும் எஃகு முட்கள் விறைத்து நிற்க, பத்து அங்குல அகலத்தோடு, தொட்டவன் கையில் இரத்தக் கையெழுத்து வாங்காமல் விடாத மிடுக்கோடு அது வந்தது. இப்போதோ நடுவில் வழுக்கை விழுந்து, ஓரத்து முட்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, வெயிலில் மறந்து போட்ட கீரைக்கட்டு போலக் கிடந்தது. அதைத் தாங்கும் கழிகளில் மூன்றாவதன் மரை தேய்ந்துபோய், முறுக்கினால் பிடிக்காமல், பழைய துணி சுற்றி இறுக்கப்பட்டிருந்தது.

மேஸ்திரியிடம் இவை எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது. வளைந்த முள்ளை அனுபவம் என்றார். உதிர்ந்த முள்ளைப் பற்றிக் கேட்டால், வேண்டாதது தானாகக் கழிந்துபோகும் என்றார். மூன்றாம் கழியின் துணிக்கட்டைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

இவற்றுக்கெல்லாம் மேலாக அவர் ஒரு பெரும் தத்துவத்தையே கண்டுபிடித்து வைத்திருந்தார். தொழிலுக்கு வந்த புதிதில் பிரஷ்ஷைப் புகைபோக்கிக்குள் இறக்க நெஞ்சைக் கொடுத்து அழுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு அடியும் ஒரு கோட்டைவாசல். மேலே இழுக்கும்போது தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடுமோ என்று இருக்கும். ஒரு வீட்டுக்கு நான்கு வாளி கரி விழுந்தது. பிறகு மூன்று வாளி, பிறகு ஒன்று. கடந்த நாலைந்து வருடமாகவோ பிரஷ் வாழைப்பழத்தில் ஊசி ஏறினாற்போல் இறங்கியது. அரை வாளி விழுந்தால் அதிசயம். இதிலிருந்து வேறொருவராக இருந்தால் ஒரு முடிவுக்கு வந்திருப்பார். மேஸ்திரி வேறொரு முடிவுக்கு வந்தார். தம்முடைய இடையறாத தாக்குதலால் ஊரிலுள்ள புகைபோக்கிகள் எல்லாம் திருந்திவிட்டன. இனி அவற்றில் கரி பிடிக்காது. பிரஷ் வழுக்கிக்கொண்டு போவது அவர் பெற்ற வெற்றியின் அடையாளம்.

“என் பேரக் கேட்டாலே கரி சுவத்துல ஒட்டப் பயப்படுது” என்று ஒருநாள் சாப்பிடும்போது மனைவியிடம் பிரகடனம் செய்தார்.

“கரி ஒண்ணும் பயப்படல. உங்க பிரஷ்ஷுதான் சுவத்தப் பாத்து ஒதுங்கிப் போவுது” என்றாள் அவள்.

அவள் தையல்காரி. முனை மழுங்கிய ஊசியை மறுநிமிடமே தூக்கிப் போடுகிறவள். கத்தரிக்கோல் துணியைக் கடித்தால் அன்றைக்கே சாணைக்கு அனுப்புகிறவள். கழுத்தில் எந்நேரமும் இஞ்சு டேப் தொங்கும். ஒரு மதியம், வீரர் உண்ட களைப்பில் உறங்கிக் கிடந்த வேளையில், மூலையில் சாய்ந்திருந்த பிரஷ்ஷை அவள் டேப்பால் அளந்தாள். ஏழரை அங்குலம். மறுவாரமே பத்து அங்குலத்தில் ஒரு புதிய பிரஷ் வாங்கி வந்து அவர் முன்னே வைத்தாள்.

மேஸ்திரி அதைச் சொந்த வீட்டுப் புகைபோக்கியில் ஒரே ஒரு முறை சோதித்துப் பார்த்தார். இரண்டடி இறங்கியதும் சிக்கிக்கொண்டது. இழுத்தார், வந்தது. மறுபடி தள்ளினார், மறுபடி சிக்கியது. வெளியே எடுத்து உறைக்குள் போட்டுக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, “அளவு தெரியாத எவனோ செஞ்சிருக்கான்” என்று தீர்ப்பளித்தார். சுவர்களில் விரலளவு கரி ஏறி வழியைக் குறுக்கியிருக்கலாம் என்ற சிந்தனை அவர் பக்கம் எட்டிப் பார்த்தது உண்மை. அவர் அதற்குக் கதவைத் திறக்கவில்லை. அவ்வளவுதான். எட்டு மாதமாகப் புதிய பிரஷ் உறைக்குள்ளேயே, பெண் பார்க்க வந்து பதில் சொல்லாமல் போனவர்களுக்காகக் காத்திருப்பதுபோல் நின்றுகொண்டிருந்தது.

இந்நிலையில் வந்தது போர் ஓலை. அதை அனுப்பியவர் அயலார் அல்லர். மேஸ்திரியின் உடன்பிறந்த தங்கை.

தங்கை பேக்கரி நடத்துகிறவள். விறகு அடுப்பு. அவளுடைய புகைபோக்கிதான் அந்த வட்டாரத்திலேயே உயரமானது. அதை ஆண்டுதோறும் துடைப்பதைத்தான் மேஸ்திரி தம் மகுடத்தின் நடுக்கல் என்று கருதினார். இந்த முறையும் குளிர் தொடங்குமுன் வந்து துடைத்து, முழுத் திருப்தியோடு கைகழுவிப் போயிருந்தார். நான்காம் நாளிலிருந்து புகை மேலே போக மறுத்தது. போன வேகத்தில் திரும்பி வந்து, அடுப்படியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ரொட்டிக்குள் குடிபுகுந்தது. வாங்கிப்போனவர்கள் ஒரு வாய் கடித்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒருவர், மருந்து போட்ட ரொட்டியா என்று கேட்டாராம்.

தங்கை காலையிலேயே அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உட்காரவில்லை. “அண்ணே, கோச்சுக்காத. நாளைக்குக் காலைல நான் அடுப்பு மூட்டியாகணும். இன்னிக்குள்ள புகை சரியாப் போகலேன்னா, பக்கத்து ஊருலேருந்து மெஷின் வச்சிருக்கிற ஆளை வரச் சொல்லிடுவேன்” என்றாள்.

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். மேஸ்திரி நின்ற இடத்திலேயே நின்றார். அயல்வீட்டுக்காரன் வேறு ஆளை அழைத்தால் அது அவன் அறியாமை என்று விட்டுவிடலாம். கூடப் பிறந்தவளே வேறு ஆளை அழைத்தால்? பேக்கரிக் கூரையில் அந்நியன் ஒருவன் ஏறி நிற்பதை முப்பத்தோரு வீட்டு ஜன்னல்களும் பார்க்கும். அவற்றில் ஒன்றாவது மறுபடி தமக்காகத் திறக்குமா? அந்தக் கேள்வியே அவருக்குப் பிடிக்கவில்லை. அதை மறைக்க அவர் மார்பை நிமிர்த்தினார்.

அன்று முற்பகல், பழைய பிரஷ்ஷையும் ஏழு கழிகளையும் தோளில் ஏந்தி வீரர் களம் புகுந்தார். பின்னாலேயே மனைவியும் ஒரு நீளமான பையோடு வந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, ரொட்டி வாங்க என்றாள். ரொட்டியே போடாத நாளில், அத்தனை நீளப் பையில் வாங்கும் ரொட்டி எதுவென்று கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை.

அடுப்பு ஆறிக் கிடந்தது. கரி தெறிக்காமலிருக்க அதன் வாயை ஈரச்சாக்கால் மூடினார்கள். மாவு மூட்டைகளும் தட்டுகளும் சுவரோரம் சாட்சிகளாக நிற்க, மேஸ்திரி ஏணியின் முதல் படியில் கால் வைத்துத் திரும்பி, தம் வாழ்வின் மிகப் பெரிய பிரகடனத்தைச் செய்தார். அதைச் செய்யும்படி அவரை யாரும் கேட்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்யவேண்டும்.

“ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. இந்தப் பிரஷ் சுவத்தத் தொடலன்னுதானே சொல்றீங்க? முள்ளு நுனியில ஈரம் காட்டி மாவு பூசுங்க. உள்ள விட்டு எடுக்கிறேன். மாவு அப்படியே திரும்பி வந்தா, இந்தப் பிரஷ்ஷ நானே குப்பையில போடுறேன். மாவு சுவத்துல போயிட்டா, இதப்பத்தி இனிமே இந்தக் குடும்பத்துல யாரும் பேசக்கூடாது.”

தங்கை மறுபேச்சில்லாமல் ஒரு கிண்ணம் மாவு எடுத்தாள். அண்ணி தண்ணீர் தெளித்தாள், நாத்தனார் மாவு தூவினாள். பதினோரு ஆண்டுப் பழம்பெரும் போராளி, தலை முழுக்க வெண்மை பூண்டு, மூத்த மணமகன்போல் மேஸ்திரியின் கையேறியது.

கூரையேறினார். முதற்கழி, இரண்டாங்கழி, துணிகட்டிய மூன்றாங்கழி என்று ஒவ்வொன்றாக முறுக்கிக் கோத்துக் கோத்து, மலைக்குகைக்குள் நாகத்தைத் தேடிப் போகும் நாயகனாய்த் தம்மை நினைத்துக்கொண்டு, இருளுக்குள் இறக்கிக்கொண்டே போனார். எங்கும் ஒரு தடை இல்லை, ஓர் உரசல் இல்லை. ஆளில்லாத தெருவில் சைக்கிள் போவதுபோல் போயிற்று. அடியைத் தொட்டதும் இழுக்கத் தொடங்கினார். கழிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைசியில் பிரஷ்ஷின் தலை பகல் வெளிச்சத்துக்கு வந்தது.

வெள்ளை வெளேரென்று வந்தது.

ஒரு முள்ளின் மாவுகூடக் கலையவில்லை. இருபத்தெட்டு அடிக் கரிச்சுரங்கத்துக்குள் போய்விட்டு, அது ஒரு திருமண வரவேற்புக்குப் போய்வந்ததுபோல் திரும்பியிருந்தது. மேஸ்திரி அதைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது. தாம் சுவர் என்று நம்பி நான்கைந்து வருடமாகத் துடைத்துக்கொண்டிருந்தது வெறும் காற்றை என்பது, படிப்படியாக அல்லாமல், ஏணி சறுக்கினால் விழுவோமே அப்படி ஒரே மூச்சில் அவருக்கு விளங்கிற்று.

கீழே இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். அடுப்பு வாய் சாக்கால் மூடியிருந்ததால் அவர்கள் எதையும் பார்த்திருக்க முடியாது. உலகத்தில் இந்த உண்மையை அறிந்தவர்கள் மேஸ்திரி ஒருவர், ஓட்டின் மேல் உட்கார்ந்திருந்த காகம் ஒன்று. காகம் சொல்லாது.

அறத்துக்கும் மானத்துக்கும் நடந்த மாபெரும் போர்களைப் பாடியவர்கள் எல்லாம் அதை எத்தனையோ பகலும் இரவுமாக நீட்டிப் பாடியிருக்கிறார்கள். மேஸ்திரியின் நெஞ்சில் அது சுமார் நாலு விநாடி நடந்தது. ஐந்தாம் விநாடியில் அவர் பிரஷ்ஷை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கன்னம் உப்ப, அடிவயிற்றிலிருந்து காற்றெடுத்து, ஊதினார். ஒருமுறை அல்ல, சுற்றிச் சுற்றி, கடைசி முள்வரை, பிறந்தநாள் மெழுகுவத்தி ஊதும் பிள்ளையின் முழுமனத்தோடு ஊதினார். மாவு போயிற்று. பிரஷ் பழைய கறுப்புக்குத் திரும்பியது.

வெற்றி பெற்றவரின் நிதானத்தோடு இறங்கி வந்து, பிரஷ்ஷைத் தரையில் ஊன்றினார். “பாத்துக்குங்க. ஒரு பொட்டு மாவு இல்ல. எல்லாம் சுவத்துல போயிடுச்சு” என்றார்.

இருவரும் பிரஷ்ஷைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தார்கள். கூரைமேல் எதிர்க்காற்று அடித்துக்கொண்டிருந்ததை வீரர் கணக்கில் கொள்ளத் தவறியிருந்தார். ஊதிய மாவு அத்தனையும் திரும்பி வந்து, வியர்த்திருந்த நெற்றியிலும், புருவத்திலும், பெருமைமிக்க மீசையிலும் பரிபூரணமாகக் குடியேறியிருந்தது. இரண்டு கண்கள் மட்டும் அதற்குள்ளிருந்து வெற்றிப்பார்வை பார்த்தன.

மனைவி சுவரோரம் தேய்த்து வைத்திருந்த ஒரு தட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். பளபளப்பில் அவர் தம்மைக் கண்டார். அவள் ஒரு விரலால் அவர் கன்னத்தைத் தொட்டு, அந்த விரலை அவரிடமே காட்டினாள்.

“அந்தச் சுவரு இதுதானா?” என்று கேட்டாள்.

சிரிப்பு வரவேண்டிய இடம். மனைவிக்கு வந்தது, அடக்கிக்கொண்டாள். தங்கைக்கு வரவில்லை. அவள் அடுப்பின் மேல் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

“ரொட்டி போனாப் போகட்டும்ணே. தினம் காலைல இதுக்கு முன்னாடி நிக்கிறது நான்தான். உள்ள சேந்த கரி தீப்பிடிச்சிருந்தா?” என்றாள்.

அவள் குரலை உயர்த்தவில்லை. மேஸ்திரிக்குத் தெரிந்த அத்தனை பிரகடனங்களும் தொண்டைவரை வந்து, ஒன்றை ஒன்று முந்தப் பார்த்து, அங்கேயே சிக்கிக்கொண்டன. மீசையைத் துடைத்தார். மாவு மீசையிலிருந்து கைக்குப் போயிற்று. மனைவி பக்கம் திரும்பி, “அந்தப் பையக் குடு” என்றார்.

அதன்பின் நடந்ததுதான் உண்மையான போர். உறை கிழிந்து, எட்டு மாதச் சிறையிலிருந்து வெளிவந்த புதிய பிரஷ், எஃகு முட்கள் விம்ம, பத்து அங்குலமும் விரிய, புகைபோக்கியின் வாயில் வைத்த கணமே சுவரோடு கைகலந்தது. தள்ளினால் முறைத்தது, இழுத்தால் உறுமியது, அரையடி போனால் கால்அடி திரும்பியது. மறந்துபோன தோள்வலி பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தது. உள்ளே வருடக்கணக்கில் அடுக்கடுக்காய்ப் படிந்து, தார்போல் இறுகி, பாறையென்று தன்னையே நம்பியிருந்த கரிப்படை, பொருக்குப் பொருக்காய்ப் பெயர்ந்து, சாக்குத் திரைக்குப் பின்னால் மாரிமழைபோல் கொட்டிற்று.

மூன்றாம் கழியைக் கோக்கும் கட்டம் வந்தது. துணியைச் சுற்றி வழக்கம்போல் முறுக்கினார். பிறகு நின்றார். காற்றைத் துடைக்கும் பிரஷ்ஷுக்கு இந்தக் கட்டுப் போதுமானதாக இருந்தது. இந்தப் புதியவனோ இழுத்தால் எதிர்த்து இழுக்கிறான். பாதியில் மரை விட்டுப்போனால் பிரஷ் குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். நாளைக் காலை அடுப்பு எரியாது. அதை எடுக்க மெஷின்காரனைத்தான் கூப்பிடவேண்டும். மேஸ்திரி துணியை அவிழ்த்து, தேய்ந்த மரையை வெயிலில் திருப்பிப் பார்த்தார். அதில் புரியென்று சொல்ல ஒன்றரைச் சுற்றுதான் மிச்சம். பதினோரு வருடத்தில் முதல்முறையாக, வேலைக்கு நடுவில் ஒரு கருவியை வேண்டாமென்று ஓரமாக வைத்தார். காகம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறு கழிகளுக்கு இருபத்துநாலு அடிதான் எட்டும். அடியிலிருந்த நாலடியை முடிக்க, சாக்கை விலக்கி, மாவு முகத்தோடு வீரர் அடுப்புக்குள்ளேயே தலையை விட்டுப் படுத்து, கீழிருந்து மேலாகக் குத்தினார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. அவர் உள்ளிருந்து என்னவோ முழங்கினார்; அது வெற்றி முழக்கம் என்று அவரும், தும்மல் என்று தங்கையும் பின்னால் சொன்னார்கள். வெளியே வந்தபோது முகத்தில் வெள்ளை எங்கேயும் இல்லை.

ஏழு வாளி. சில நாளைக்கு முன்புதான் அவர் துடைத்து முடித்திருந்த அதே புகைபோக்கியிலிருந்து ஏழு வாளி. மனைவி ஒவ்வொரு வாளியையும் அவரைக் கடந்துதான் வெளியே கொண்டுபோனாள். எண்ணிச் சொல்லவில்லை. அதற்காக அவளுக்கு அவர் மனத்துக்குள் நன்றி சொன்னார்.

மாலையில் தங்கை சுள்ளி வைத்து அடுப்பைப் பற்றவைத்தாள். மூவரும் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கூரை உச்சியிலிருந்து ஒரு நூல் கிளம்பி, கயிறாகி, யாரோ மேலிருந்து பிடித்து இழுப்பதுபோல் நேராக ஏறிற்று.

“போகுதுண்ணே” என்றாள் தங்கை. சற்றுப் பொறுத்து, “அடுத்த தடவையும் நீதான் வரணும். ஆனா கூரையேறுறதுக்கு முன்னாடி பிரஷ்ஷ நான் பாப்பேன்” என்றாள்.

அவள் பார்க்கும் முறையையும் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். பத்து அங்குல கேக் டின் ஒன்றின் அடித்தகட்டை வெட்டியெறிந்து, மிஞ்சிய வளையத்தைச் சுவரில் படுக்கைவாட்டில் அடித்தாள். அதற்குள் பிரஷ்ஷை வைத்தால் சிக்கி நிற்க வேண்டும். தானாகக் கீழே விழுந்தால் அதற்கு வயதாகிவிட்டது. சோதனையின் முதல் பொருளாக அந்தப் பழம்பெரும் போராளியை வைத்தார்கள். அது வளையத்தை எங்கும் தொடாமல், கடைசிவரை மாறாத குணத்தோடு, நேராகத் தரையில் போய் விழுந்தது. மேஸ்திரி குனிந்து அதை எடுத்து, வாக்குத் தவறாத மன்னராய், தாமே குப்பைத் தொட்டிவரை நடந்தார். மூன்றாம் கழியையும் சேர்த்துப் போட்டார். துணியை மட்டும் மனைவி திருப்பி வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் தெருவின் இருபக்கமும் இருந்த கூரைகள் அவர் கண்ணில் பட்டன. ஒவ்வொரு கூரையிலும் ஒரு புகைபோக்கி. ஒவ்வொன்றையும் அவர் துடைத்திருந்தார். அதாவது, ஒவ்வொன்றுக்குள்ளும் இருந்த காற்றைத் துடைத்திருந்தார். முப்பத்தோரு அடுப்புகளுக்கு முன்னால் முப்பத்தோரு பேர் தினமும் காலையில் நிற்கிறார்கள். அவர் நடை தளர்ந்தது.

“என்ன?” என்றாள் மனைவி.

“எல்லா வீட்டுக்கும் மறுபடி போகணும்” என்றார் மேஸ்திரி. “என்ன சொல்லிக்கிட்டுப் போறது?”

“நடந்ததச் சொல்லுங்க. மாவு கதையையும் சேத்துச் சொல்லுங்க, யாரும் திட்ட மாட்டாங்க. சிரிச்சு முடிக்கவே அவங்களுக்கு நேரம் ஆயிடும்.”

மறுநாள் விடிந்தது. முந்தின மாலையே புதிதாய் வாங்கிய மூன்றாம் கழியும் சேர்ந்து ஏழு கழிகளும் தோளில் மின்ன, பத்து அங்குல எஃகு முடி காலை வெயிலில் கதிர்விட, வாளிகள் இரண்டும் முரசுகளாய் இருபுறமும் அதிர, தம் பொய்யைத் தாமே முறியடிக்கப் புறப்பட்ட முதல் வீரர் தாமே என்னும் எண்ணம் பழைய மிடுக்கில் பாதியை அவருக்குத் திருப்பித் தந்திருக்க, இரவெல்லாம் படுக்கையில் புரண்டு புரண்டு கோத்து, காலையில் மனைவி முன் மூன்று முறை ஒத்திகை பார்த்து, அவள் வெட்டச் சொன்ன இடங்களை எல்லாம் வெட்டியபின்னும் எஞ்சி நின்ற அந்த நீண்ட, நெஞ்சுருக்கும் மன்னிப்புரையை நாவின் நுனியில் ஏந்தி, நொறுங்கட்டும் என் கர்வம், திறக்கட்டும் உங்கள் கதவு என்னும் பாவனையில் மேஸ்திரி பெருமூச்செறிந்து கையை ஓங்கி, முப்பத்தொன்றில் முதலாவதான அந்த வீட்டின் வாசலை அடைந்தார்.

வீடு பூட்டியிருந்தது.